மணலில் நிற்பவரையும் கணக்கில் எடுங்கள்

மெரினாவில் இலவச வைஃபை வரப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வரும். திருவல்லிக்கேணிக்காரர்களுக்குச் சாயங்காலமானால் கடற்கரையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. செய்தியை முழுசாகப் படித்து முடிக்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும். எத்தனை இடம், எத்தனை கம்பம், ஓர் ஆளுக்கு எத்தனை நிமிஷம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அந்த மணலில் எவ்வளவு பேர் நிற்பார்கள், அவர்கள் கையில் உள்ள போன் பேசுவது அந்தக் கம்பத்துக்குக் கேட்குமா என்பது மட்டும் இருக்காது.

2017இல் மெரினா உழைப்பாளர் சிலை அருகிலும் வேறு நான்கு நகரங்களிலும் ‘அம்மா வைஃபை’ தொடங்கினார்கள். நாளொன்றுக்கு 20 நிமிஷம் இலவசம். அதற்குப் பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சென்னை மாநகராட்சி நட்ட ஸ்மார்ட் கம்பங்களில் 30 நிமிஷம் என்றார்கள். 2023 மார்ச் பட்ஜெட்டில் சென்னை, தாம்பரம், ஆவடி உட்பட ஏழு மாநகராட்சிகளின் முக்கியமான பொது இடங்களில் வைஃபை என்று வந்தது. யாரையும் திட்டுவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. எண்ணமெல்லாம் நல்ல எண்ணம்தான். திறந்தவெளியில் வைஃபை கொடுப்பது லேசான காரியமும் இல்லை. எங்கே இடிக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே எத்தனையோ பேர் இருக்க, அறிவிப்பில் கம்பத்தின் எண்ணிக்கையே முன்னால் வந்து நிற்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

மெரினாவில் சீரணி அரங்கம் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மேடையில் மைக் பிடித்தவர் பேசுவது ரோடு வரை கேட்கும். கூட்டத்தின் கடைசியில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் மேடைக்குக் கேட்காது. வைஃபை கம்பத்துக்கும் நம் போனுக்கும் நடுவில் நடப்பது இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005இல் விதி போட்டபோது, ஆன்டெனாவையும் சேர்த்து 4 வாட் வரை அனுமதித்தது. போன் அனுப்புவது பொதுவாக 0.1 வாட்டைத் தாண்டாது. அதனால்தான் திரையில் சிக்னல் கோடு நிறையத் தெரிகிறது, பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. கம்பம் சொல்வது போனுக்குக் கேட்கிறது. போன் சொல்வது கம்பத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அலை ஓரத்தில் நிற்பவரின் போன், சிக்னல் சரியாக எட்டாததால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசும். அதே அளவு தகவலை அனுப்ப அதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்கக் கம்பத்தடியில் நிற்பவரும் காத்துக்கிடக்க வேண்டும். ஆகவே ஒரே கம்பத்தில் பவரை ஏற்றி வைத்துத் தண்ணீர் வரை எட்டப் பார்ப்பது எட்டத்தில் நிற்பவருக்கும் உதவாது, பக்கத்தில் நிற்பவரையும் கெடுக்கும். பவர் குறைந்த வைஃபை பெட்டிகள் நிறைய வேண்டும். தாழ்வாக, மணலைப் பார்த்தபடி, சர்வீஸ் ரோட்டோடு நின்றுவிடாமல் உள்ளே தள்ளி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஃபைபர் வேண்டும். கம்பியில்லாமலே ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவவிட்டால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் குறைந்துகொண்டே போகும்.

கூட்டமும் ஒரு தடைதான். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் வைஃபை அலையை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் வாக்கிங் போகிறவர்கள் மட்டும் இருக்கும்போது எடுத்த சிக்னல் அளவு சாயங்காலக் கூட்டத்துக்குப் பொருந்தாது. கலிபோர்னியாவில் 2014இல் திறந்த லீவைஸ் மைதானத்தில் 68,500 இருக்கைக்குச் சுமார் 1,200 வைஃபை பெட்டிகள் வைத்தார்கள். பலவற்றை இருக்கைக்கு அடியிலேயே பொருத்தினார்கள். உட்காருகிறவர்களின் உடம்பே தடுப்பாக இருந்து, ஒரு பெட்டியின் அலை அடுத்த பெட்டியோடு மோதாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டார்கள். கிட்டத்தட்ட அறுபது பேருக்கு ஒரு பெட்டி. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை மணலில் இருக்கும் கூட்டத்துக்கு யாராவது இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

இலவச வைஃபை என்றால் பையன்கள் உட்கார்ந்து வீடியோ பார்க்கத்தானே என்று கேட்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமை ஒரு சுண்டல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறேன். நான் பார்த்தது இது. கூடையில் கியூஆர் அட்டை, பக்கத்தில் பணம் வந்தால் குரல் கொடுக்கும் சின்னப் பெட்டி. முப்பது ரூபாய்க்குச் சுண்டல் வாங்கிய பையன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

“போயிடுச்சா தம்பி?”

“சுத்துதுக்கா.”

“அப்ப இரு. பொட்டி பேசட்டும்.”

பெட்டி பேசவில்லை. பின்னால் நின்ற இரண்டு பேர் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். பையன் சிக்னல் தேடி ரோட்டுப் பக்கம் நடந்தான். கொஞ்ச நேரம் கழித்து, முப்பது ரூபாய் வந்தது, முப்பது ரூபாய் வந்தது என்று பெட்டி இரண்டு தடவை அடுத்தடுத்துச் சொன்னது. அதற்குள் ஐந்தாறு பேருக்குச் சுண்டல் கொடுத்தாகிவிட்டது. “எது யாரு துட்டுன்னு நான் எப்படிங்க கண்டுபுடிக்கிறது?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடற்கரையில் சில்லறை நின்றுபோய் எத்தனையோ நாளாயிற்று. இணைப்பு அறுந்தால் அன்றைய வியாபாரமே அறுந்துபோகிறது.

வைஃபை இருந்தால் மட்டும் அந்தப் பையன் உடனே சேர்ந்துகொள்ள முடியுமா? போன் நம்பரைப் போட வேண்டும், ஓடிபி வர வேண்டும். 2008 குண்டுவெடிப்பு சமயத்தில் பூட்டில்லாத வைஃபை ஒன்றின் வழியாக மிரட்டல் மெயில் போனது. அதனால் 2009இல் தொலைத்தொடர்புத் துறை, ஆள் யார் என்று தெரியாமல் இணைப்புக் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டத்தில் செல் நெட்வொர்க் திணறுவதால்தானே வைஃபையைத் தேடுகிறோம்? ஓடிபி அதே திணறுகிற நெட்வொர்க் வழியாகத்தானே வந்தாக வேண்டும்? இதற்கு வழியும் இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டத்தில், செயலியில் ஒரு தடவை பதிந்துகொண்டால் பிறகு எந்த வாணி வைஃபையிலும் சேரலாம். டீக்கடைக்காரரே லைசென்ஸ் இல்லாமல் இணைப்புக் கொடுக்கலாம். பாரதி சாலையில் டீக்கடைக்கா பஞ்சம்? அதைப் பற்றி எங்கள் தெருப்பக்கம் யாரும் வந்து சொல்லி நான் பார்த்ததில்லை.

காணும் பொங்கலன்று மெரினாவுக்கு வரும் குழந்தைகளின் கையில் போலீஸார் பட்டை கட்டிவிடுவார்கள். அதில் பெற்றவர்களின் போன் நம்பர் இருக்கும். எவ்வளவு அருமையான ஏற்பாடு! ஆனால் அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டாமா? 2024 அக்டோபர் 6ஆம் தேதி விமானப்படை சாகச நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். அன்று ஐந்து உயிர்கள் போயின. வைஃபை இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீரும் நிழலும் வழியும்தான் முதலில் வேண்டும். ஆனால் அன்று மத்தியானம் வீட்டு ஆட்களுக்குப் போன் போட்டுப் போட்டுக் கட்டாகிக்கொண்டே இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கூட்டம் கூடும் நாளுக்கென்று திட்டமிடாத இணைப்பு, மற்ற நாளில் எவ்வளவு வேகமாக இருந்து என்ன பிரயோஜனம்?

ஊருக்குள் வந்தால் வேறு பாடு. மேன்ஷன்களில் மாடிக்கு மாடி ரவுட்டர். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பெரிய தெருவை ஒட்டிய சந்துகளில் அந்த மூன்றையும் நூறு ரவுட்டர்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அங்கே ஒரு கம்பத்தை நட்டால் அது நூற்றோராவது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் அறைக்குள் அது நுழையாது. அமெரிக்காவில் ஃபிலடெல்பியா நகரம் 2004இல் ஊர் முழுக்க விளக்குக் கம்பத்தில் வைஃபை என்று கிளம்பியது. சதுர மைலுக்குப் போட்ட பெட்டிக் கணக்குப் போதவில்லை, தெருவில் கிடைத்த சிக்னல் வீட்டுக்குள் போகவில்லை. எடுத்து நடத்திய எர்த்லிங்க் நிறுவனம் 2008இல் விலகிக்கொண்டது. நாம் அதே பாடத்தைச் சொந்தச் செலவில் படிக்க வேண்டியதில்லை.

உப்புக்காற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே துரு ஏறி உதிர்கிறது. ரோட்டோரக் கம்பம் ஒன்றில் பெட்டியின் கொக்கி துருவில் கரைந்து, மூடி காற்றில் ஆடி, உள்ளே கேபிள் முனை பச்சை பூத்துக் கிடந்ததை நானே பார்த்தேன். யாரிடம் சொல்வது? கம்பத்தில் ஒரு நம்பர்கூட எழுதியிருக்கவில்லை.

பயன்படுத்துகிறவரை மனதில் வைத்து வைஃபை அமைப்பது முடியாத காரியம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2000களின் நடுவிலேயே இதைச் செய்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சாதாரண வைஃபை கருவியை வைத்தே பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கண் மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டினார். ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரிகிறதா என்று உறுதிசெய்து, ஆன்டெனாவைக் குறிபார்த்துத் திருப்பி வைத்தார்கள். கரண்ட் ஏறி இறங்கி எத்தனை கருவி சாகிறது என்று ஆராய்ந்தார்கள். பழுது வந்தால் பார்க்க அங்கேயே இருக்கும் ஊழியர்களைப் பழக்கினார்கள். இரண்டு புள்ளிகளை இணைப்பதும் மெரினா கூட்டத்துக்குக் கொடுப்பதும் வேறு வேறு வேலைதான். ஆனால் அங்கே பயன்படுத்துகிறவரிடமிருந்து கணக்கைத் தொடங்கினார்களே, அது இங்கே ஏன் முடியாது?

அடுத்த அறிவிப்புக்கு முன்னால், திட்டம் போடுகிறவர்கள் காணும் பொங்கலன்று சாயங்காலம் வரட்டும். விலை குறைந்த போன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உழைப்பாளர் சிலையிலிருந்து அலை வரைக்கும் கூட்டத்துக்குள் நடந்து, பத்தடிக்கு ஒரு தடவை முப்பது ரூபாய் அனுப்பிப் பார்க்கட்டும். எங்கெங்கே சுற்றிக்கொண்டு நிற்கிறதோ அங்கெல்லாம் குறித்துக்கொள்ளட்டும். வைஃபை பெட்டி எங்கே வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கும். எந்தக் கம்பமாக இருந்தாலும் பழுது சொல்ல ஒரு நம்பரையும், பொறுப்பான அதிகாரியின் பெயரையும் அதில் எழுதி வைக்கட்டும்.