கடைசியாக ஓடி வருகிறவர்

சென்ற ஆண்டு நம் மாநிலத்தின் நடுத்தர நகரம் ஒன்றில் நடந்த மாரத்தானில் கலந்துகொண்டு அரைத் தொலைவை, அதாவது இருபத்தொரு கிலோமீட்டரை, ஓடினேன். ஓடினேன் என்பது முழு உண்மையன்று. பதினான்கு கிலோமீட்டர் வரை ஓடினேன். பிறகு ஓட்டமும் நடையுமாகச் சென்றேன். கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்தே கடந்தேன். மூன்று மணி இருபது நிமிடம் ஆயிற்று. ஊரின் பெயரையும் நடத்தியவர்களின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவர்கள் தீயவர்கள் அல்லர். அங்கே நேர்ந்தது எந்த ஊரிலும் நேரக்கூடியது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

பதினாறாவது கிலோமீட்டரில் தண்ணீர் கிடைக்கும் என்று வரைபடத்தில் போட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மேசை மட்டும் இருந்தது. தாள் குவளைகள் மிதிபட்டுச் சாலையெங்கும் கிடந்தன. தன்னார்வலர்களாக வந்திருந்த இரு மாணவர்கள் காலிக் குடுவைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “முடிஞ்சிடுச்சு மேடம், அடுத்ததுல இருக்கும்” என்றான் ஒருவன். அடுத்த இடத்தில் மேசையும் இல்லை. மணி எட்டைத் தாண்டியிருந்தது. சாலைத் தடுப்புகளை அகற்றிவிட்டதால் பேருந்துகள் எங்களை ஒதுங்கச் சொல்லி ஒலியெழுப்பிக்கொண்டே சென்றன. எனக்கு முன்னால் அறுபதை நெருங்கிய ஒருவர். பின்னால் என் வயதொத்த இரண்டு பெண்கள். நால்வரும் ஒரே நிழலைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சாலையோரத்தில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தார். “யாரும்மா ஒங்கள தொரத்துறா? செத்த நேரம் ஒக்காந்து இதக் குடிச்சிட்டுப் போங்க” என்று ஒரு செம்பு நீர்மோரை நீட்டினார். உப்புப் போட்ட மோர். காசு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றார். அதைக் குடித்துத்தான் நாங்கள் நால்வரும் எல்லைக்கோட்டை அடைந்தோம். அங்கே வரவேற்பு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலின் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து பதக்கத்தை எடுத்து என் கையில் கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பேருந்தில் திரும்பும்போது ஒன்று தெளிவாகப்பட்டது. ஒரு நகரத்தின் மாரத்தான் எத்தகையது என்பதை முதலில் வந்தவரின் நேரத்தைக் கொண்டு அளப்பது தவறு. கடைசியாக வந்தவருக்குத் தண்ணீர் கிடைத்ததா என்பதே அளவுகோல்.

இதை இரக்கத்தின்பாற்பட்ட வேண்டுகோள் என்று யாரும் கொள்ள வேண்டாம்; இது வெறும் கணக்கு. அரை மாரத்தானில் முதலில் வருபவர் ஒன்றேகால் மணி நேரத்தில் ஓடி முடித்துவிடுகிறார். அவர் முடிக்கும்போது வெயில் ஏறியிருப்பதில்லை. கடைசியில் வருபவர் அதைப்போல இரண்டரை மடங்கு நேரம் சாலையில் இருக்கிறார்; அந்நேரத்தின் பிற்பாதி முழுவதும் வெயிலில் கழிகிறது. நம் கடற்கரை மாவட்டங்களின் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழியும், உலராது. உலராத வியர்வையால் உடல் குளிர்வதில்லை. ஆகவே தண்ணீரும் உப்பும் மிகுதியாகத் தேவைப்படுபவர் கடைசியில் வருபவரே. நாமோ, முதலில் வருபவருக்கு வேண்டிய அளவைக் கணக்கிட்டுத் தண்ணீரை வைத்துவிட்டு, மிஞ்சினால் மற்றவர்களுக்கு என்று இருந்துவிடுகிறோம்.

தண்ணீரின் அருமையை அறிய நம்மைப் போன்ற சாதாரணர்கள்தாம் வேண்டும் என்பதில்லை. 2016இல் ரியோ ஒலிம்பிக் மாரத்தானை ஓடி முடித்ததும் ஓ.பி. ஜெய்ஷா மயங்கி விழுந்தார். வழியில் நம் நாட்டுக்கென இருந்த இடங்களில் தண்ணீர் தர யாருமில்லை என்று அவர் பின்னர் குற்றஞ்சாட்டினார். இந்தியத் தடகளச் சம்மேளனம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒலிம்பிக்கில் ஓடிய ஒரு பெண்ணின் நினைவில் அந்த ஓட்டத்தைப் பற்றி எஞ்சியது தண்ணீர்தான் என்பது மட்டும் என்னை விட்டு நீங்கவில்லை.

இன்னொரு கதையும் உண்டு. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் ஜப்பானியரான ஷிசோ கனகுரி ஓடினார். கடும் வெயில். போர்ச்சுக்கல் வீரரான பிரான்சிஸ்கோ லாசரோ அந்த ஓட்டத்தில் மயங்கி விழுந்து மறுநாள் இறந்துபோனார். கனகுரி வழியில் தளர்ந்து ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கினார். அந்த வீட்டார் அவருக்குப் பருகக் கொடுத்து உபசரித்தார்கள். அவர் ஓட்டத்தைத் தொடராமல் யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967இல் ஸ்வீடன் நாட்டினர் அவரை மீண்டும் அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் செய்தார்கள். அவருடைய நேரம் ஐம்பத்து நான்கு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் சொச்சமும் என்று பதிவாயிற்று. இதை வேடிக்கைச் செய்தியாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ இதில் வேடிக்கை தெரியவில்லை. கடைசியாக வருபவருக்காக ஓர் ஊர் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் எல்லைக்கோட்டை விரித்து வைத்திருந்தது என்றே தோன்றுகிறது.

இனி ஓட்டக்காரர்களாகிய எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். மும்பையில் 2004இல் தொடங்கிய மாரத்தானுக்குப் பிறகு இந்திய நகரங்களில் இந்தப் பழக்கம் பரவியது. ஆரோவில்லில் 2008இலும், கோவையில் 2013இலும் மாரத்தான்கள் தொடங்கின. ஓடியவர்கள் தம் அனுபவங்களை எழுதவும் தொடங்கினார்கள். நானும் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மூன்று மணிக்கு எழுந்தேன், முதல் பத்துக் கிலோமீட்டரை இத்தனை நிமிடத்தில் ஓடினேன், முப்பதில் உடல் தளர்ந்தது, மனம் வென்றது, பதக்கம் கிடைத்தது. தமிழ் படித்தவளாகையால் இவற்றைப் படிக்கும்போது எனக்குப் பரணி நினைவுக்கு வருகிறது. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனைப் பாடுவது பரணி. நாமோ நம் முழங்கால்களை வென்றதற்கே பரணி பாடிக்கொள்கிறோம்.

நம்மிடம் வேறொரு வடிவமும் இருக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், இன்னும் பெறாமல் எதிரே வருகிறவனை நிறுத்தி வழி சொல்லுவதே அதன் இலக்கணம். மலைபடுகடாத்தை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் வியப்பது நன்னனின் கொடையைக் கண்டன்று. வழியைப் பற்றிய எச்சரிக்கைகளைக் கண்டு. பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதே, தினைப்புனத்துக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கு, இந்த ஊரில் இன்ன உணவு கிடைக்கும் என்று, தான் பட்டதையெல்லாம் பின்னால் வருபவனுக்குப் பயன்படும்படி கூத்தன் சொல்கிறான். தன் பெருமையை அவன் சொல்வதில்லை. தன்னைவிட வழியே அவனுக்கு முக்கியம். ஓட்டக்காரர்கள் எழுதவேண்டியது இந்த ஆற்றுப்படையைத்தான் என்பேன். எந்த இடத்தில் தண்ணீர் தீர்ந்தது, எந்தப் பாலத்தில் நிழல் இல்லை, எத்தனை மணிக்குத் தடுப்பை எடுத்தார்கள், பெண்களுக்குக் கழிப்பறை எத்தனையாவது கிலோமீட்டரில் இருந்தது என்பவற்றை எழுதினால் அடுத்து ஓடுபவருக்கு உதவும்; நடத்துபவருக்கும் உறைக்கும்.

ஓட்டத்தைப் பற்றி நினைவுக்குறிப்பு எழுதிய ஹாருகி முரகாமியை நம் சிற்றிதழ் வாசகர்கள் அறிவார்கள். 1983இல் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் ஊர் வரை கோடை வெயிலில் தனியாக ஓடியவர் அவர். பந்தயத்தில் நடக்காமல் ஓடி முடிப்பதில் அவருக்குத் தனிப் பெருமிதம் உண்டு. அவர்மீது மதிப்புடையவள் நான். ஆனாலும் இதில் மாறுபடுகிறேன். நான் நடந்தேன். நடந்ததால்தான் அந்த இட்லிக் கடை என் கண்ணில் பட்டது.

நான் குடியிருப்பது கடலூர் மஞ்சக்குப்பம், பணிபுரிவது சிதம்பரத்தில். விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓடப் போனால் அங்கே எனக்கு முன்பே இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பலருக்குக் காலில் செருப்பும் இராது. அவர்கள் உடல்நலத்துக்காக ஓடுபவர்கள் அல்லர். காவலர் தேர்வில் ஆண்கள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடவேண்டும். அந்த ஏழு நிமிடத்துக்காக ஓடுகிறார்கள். அவர்களில் ஒருவன் என் மாணவன். நான் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டினேன் என்று அறிந்ததும், “ஓடுறதுக்குக் காசு கட்டணுமாம்மா?” என்று கேட்டான். கேலியில்லை, உண்மையாகவே கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கட்டிய காசுக்குத் தண்ணீரும் கிடைக்கவில்லை என்பதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

நாள்தோறும் நான் பேருந்தில் போகும் கடலூர் - சிதம்பரம் சாலை ஏறத்தாழ ஒரு மாரத்தான் தொலைவு. 42.195 கிலோமீட்டர் என்ற எண் 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தொலைவு; 1921இல் அதுவே விதியாயிற்று. நமக்கு அந்த எண் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே, ஆருத்திரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிற்றம்பலம் நோக்கி மக்கள் வெறுங்காலில் நடந்திருக்கிறார்கள். இந்தச் சாலையின் இடையில் இருக்கும் ஊரின் பெயர் புதுச்சத்திரம். நடப்பவர் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது. கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைப்பதும், திருவிழாவில் பானகமும் நீர்மோரும் வார்ப்பதும் நமக்கு யாரும் கற்றுத்தரவேண்டியவை அல்ல. பானகத்தில் வெல்லம், மோரில் உப்பு. ஓட்டக்காரர் உடல் கேட்பவை இவைதாம். தண்ணீர்ப்பந்தல் வைக்கிறவர் முதலில் வந்தவருக்கு மட்டும் வார்த்துவிட்டுப் பந்தலைப் பிரிப்பதில்லை. பொழுது சாயும்வரை பானை நிறைந்திருக்கும்.

சாலையை நாள் முழுவதும் மறிக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. மருத்துவமனைக்குப் போகிறவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் அந்தச் சாலை வேண்டும். ஓட்டத்துக்கு ஒரு கால எல்லை இருப்பதை நான் எதிர்க்கவில்லை. அரை மாரத்தானுக்கு மூன்றரை மணி நேரம் என்று அறிவித்தால் மூன்றரை மணி நேரம் முழுவதும் தண்ணீர் இருக்கட்டும். மூன்று மணிதான் இயலும் என்றால் அதை முன்பே சொல்லட்டும். என்னைப் போன்றவர்கள் பத்துக் கிலோமீட்டரோடு நின்றுகொள்வோம். எல்லை கடந்தவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டி பின்னால் வரட்டும். நான் ஓடியபோது அறிவித்த எல்லைக்குள்தான் வந்தேன். எல்லை வருவதற்கு முன்பே ஊர் கலைந்துவிட்டது. செலவு ஒரு தடையே அன்று. மேடை, விளம்பரப் பதாகை, ஒலிபெருக்கி ஆகியவற்றில் ஒன்றைக் குறைத்தால் நூறு குடம் மோர் கிடைக்கும்.

கடலூரிலிருந்து வெகு தொலைவில் இல்லாத ஆரோவில்லில் காட்டுச் செம்மண் பாதைகளில் நடக்கும் மாரத்தானில் போட்டியில்லை, பரிசில்லை. ஓடும் மகிழ்ச்சிக்காக ஓடுவது என்பதே அதன் கொள்கை. எல்லா ஊரும் அப்படி நடத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பரிசு வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கடற்கரையில் செருப்பின்றி ஓடும் என் மாணவனுக்கு அந்தப் பரிசுத்தொகை பெரிது. அவன் முன்னால் ஓடட்டும்; கட்டணமின்றி ஓடட்டும். பின்னால் வரும் எங்களுக்கும் ஒரு குவளை தண்ணீர் இருக்கட்டும். எங்கள் மாவட்டத்தில் பள்ளி வளாகத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் ஓடினாலும் அதற்கு மாரத்தான் என்றே பெயர் வைக்கிறோம். தொலைவு குறைந்தாலும் பரவாயில்லை. உபசரிப்பு மட்டும் குறையக்கூடாது.

என் பங்குக்கு ஒரு சிறு ஆற்றுப்படையோடு முடிக்கிறேன். முதல்முறை அரைத் தொலைவு ஓடப் போகிறவர், அதிலும் நாற்பதைக் கடந்த பெண்கள், கேளுங்கள். ஏற்பாட்டாளரின் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். இடுப்பில் ஒரு சிறு குடுவையும் ஒரு பொட்டலம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியும் இருக்கட்டும். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை மடித்துப் பையில் வையுங்கள். தளர்ந்தால் நடங்கள், நடப்பது இழுக்கன்று. பதினாறாவது கிலோமீட்டர் தாண்டி இடப்பக்கம் ஒரு வேப்பமரமும், அதன் கீழே ஓர் இட்லிக் கடையும் வரக்கூடும். அங்கே உட்காருங்கள். அந்த அம்மாள் காசு வாங்கமாட்டார். நான்கு இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதற்குக் காசு கொடுத்துவிட்டு, பிறகு ஓடுங்கள்.