ஓடுவதற்கு ஒரு பாதை வேண்டும்!

பொழுது இன்னும் விடியவில்லை. ரோட்டில் ஒரே இருட்டு.

"தட தட" என்று காலடி ஓசை கேட்கிறது. பத்துப் பேர் ஓடி வருகிறார்கள். அரைக்கால் சட்டை போட்டிருக்கிறார்கள். சிலர் காலில் ஷூ இருக்கிறது. சிலர் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.

யார் இவர்கள்? திருடனைத் துரத்துகிறார்களா?

இல்லை. இனிமேல் திருடனைத் துரத்தப்போகிறவர்கள்! போலீஸ் வேலைக்கு ஆசைப்படும் வாலிபர்கள்.

நத்தம் பக்கத்தில் மட்டும் அல்ல, தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் விடியற்காலையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

இரண்டாம் நிலைப் போலீஸ்காரர் வேலைக்கு வரும் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டர் தூரத்தை 2½ நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துப் பரீட்சையில் எத்தனை மார்க் வாங்கினாலும் சரி. ஓட்டத்தில் தோற்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பட்டாளத்தில் சேருவதற்கும் 1.6 கிலோ மீட்டர் ஓட்டம் இருக்கிறது.

ஆகவே இது பொழுதுபோக்கு ஓட்டம் அல்ல. ஒரு குடும்பத்தின் சோற்றுக்காக ஓடும் ஓட்டம்.

எங்கே ஓடுவது?

இவர்கள் ஓடுவது ரோட்டில்.

ரோடு முன்பு போல் இல்லை. மதுரையில் இருந்து நத்தத்துக்கு நான்கு வழிச் சாலை வந்துவிட்டது. அந்த மார்க்கத்தில், மதுரையில் 7.3 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பறக்கும் பாலம் கட்டி 2023 ஏப்ரலில் திறந்தார்கள். புளி மூட்டை ஏற்றிய லாரியும், மாம்பழ லாரியும், மதுரை பஸ்ஸும் பறக்கின்றன. நல்லதுதான். வண்டிக்கு வழி கிடைத்துவிட்டது.

ஆனால் காலுக்கு?

இரவு முழுவதும் கண் விழித்து வரும் டிரைவருக்கு விடியற்காலையில்தான் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அந்த நேரத்தில்தான் வாலிபர்களும் ஓடுகிறார்கள். இருட்டில் கறுப்புச் சட்டை போட்டு ஓடினால் டிரைவருக்கு எப்படித் தெரியும்?

வேறு வழி இல்லாமல் ரோட்டில் ஓடுகிறவர்கள் இரண்டு காரியங்களை மறக்கக் கூடாது. வெள்ளைச் சட்டை போட வேண்டும். வண்டிகள் எதிரே வரும் பக்கமாக, ரோட்டின் ஓரத்தில் ஓட வேண்டும். அப்போதுதான் வருகிற வண்டி நம் கண்ணில் படும்.

ஆண் பிள்ளைகளாவது பத்துப் பேராகக் கூடி ஓடுகிறார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்?

இருட்டில் மகளை ரோட்டுக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? விடிந்த பிறகு ஓடினாலோ, டீக்கடையில் இருக்கும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் பல பெண்கள் பள்ளிக்கூடத்தோடு ஓட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். 2½ நிமிட ஓட்டத்துக்குப் பழக ஓர் இடம் இல்லாமல், போலீஸ் உடுப்பு கனவாகவே போய்விடுகிறது.

இதைப் பெண்களின் சோம்பல் என்று யாராவது சொன்னால், அவர் ஒரு நாள் அந்த இருட்டு ரோட்டில் தனியாக நடந்து பார்க்கட்டும்.

காடு இருக்கிறதே!

"சுற்றிலும் மலை இருக்கிறதே! காட்டுப் பாதையில் ஓடலாமே!" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். நத்தத்துக்கு வடக்கே கரந்தமலை, மேற்கே சிறுமலை, தெற்கே அழகர் மலை. மண் பாதையில் கால் மெத்தென்று விழும். காற்றும் நன்றாக இருக்கும்.

வெளிநாடுகளில் இப்படித்தான் ஓடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்குத் தெற்கே, கடலை ஒட்டி ராயல் தேசியப் பூங்கா இருக்கிறது. 1879-ம் ஆண்டிலேயே ஏற்படுத்தியது. அதில் கடற்கரைப் பாறைகளின் மேலே சுமார் 26 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை போகிறது. நடப்பவர்களும் ஓடுபவர்களும் அதில் போகிறார்கள்.

தென் ஆப்பிரிக்காவின் கடலோரத் தேசியப் பூங்கா ஒன்றில் "நீர்நாய்ப் பாதை" என்ற பெயரில் ஒரு பாதை இருக்கிறது. அதை நடந்து கடக்க 5 நாள் பிடிக்கும். ஒரு நாளைக்கு 12 பேருக்கு மேல் அதில் புறப்பட முடியாது! அதே பாதையில் ஓட்டப் போட்டியும் நடக்கிறது. 5 நாள் வழியை ஓட்டக்காரர்கள் ஒரே நாளில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் போட்டியைத் தினம் நடத்துவது இல்லை.

பாதையைத் திறப்பது பெரிய காரியம் அல்ல. எத்தனை பேர், எந்த நேரத்தில் என்று கணக்கு வைப்பதுதான் பெரிய காரியம்.

நம் கடலோரத் தேசியப் பூங்கா மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. 21 தீவுகளுக்கும் பவளப் பாறைகளுக்கும் 1986-ல் ஏற்படுத்திய காவல் அது. அங்கே ஓட்டத்துக்கு வேலை இல்லை.

நத்தத்துக் காட்டுக்கும் ஒரு காவல் வந்திருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

தேவாங்கு

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, தேவாங்குக்காக ஒரு சரணாலயத்தை அறிவித்தது. தேவாங்குக்கு என்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. பெயர் கடவூர் தேவாங்கு சரணாலயம். பரப்பு 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டத்துக் கடவூர் வட்டத்தோடு, திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களின் காடுகளும் அதில் சேர்கின்றன.

"தேவாங்கு மாதிரி முழிக்கிறான்" என்று ஏசுகிறோம். பாவம், அது யாருக்கும் கெடுதல் செய்தது இல்லை. பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. மந்திரம், மருந்து என்று சொல்லி அதைப் பிடித்துக் கொன்றவர்கள் மனிதர்கள்தான்.

தேவாங்கு பகல் முழுவதும் கிளையில் பந்து போல் சுருண்டு தூங்கும். இரவில்தான் அதற்கு நடமாட்டம். கிளைக்குக் கிளை மெல்ல மெல்லத்தான் போகும். தாவத் தெரியாது. இரண்டு மரங்களின் கிளைகள் தொடாவிட்டால் தரையில் இறங்கித்தான் தீர வேண்டும். இறங்கினால் நாய் பிடிக்கும், வண்டி ஏறும்.

பத்துப் பேர் சேர்ந்து ஓடுகிற அளவுக்குக் காட்டுப் பாதையை அகலப்படுத்தினால், மேலே கிளைகளை வெட்ட வேண்டி வரும். தேவாங்கின் ரோடு அறுந்துவிடும்! விடியுமுன் டார்ச் விளக்கோடு ஓடினால், அந்த வெளிச்சம் அதன் பெரிய கண்களைக் கூச வைக்கும்.

ஓடுகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. இருட்டில் காட்டு மாடு எதிரே நின்றால் யார் பதில் சொல்வது? தீயும் இருக்கிறது. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலை ஏறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலை ஏற்றத்துக்குச் சட்ட திட்டம் வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வரிசைப்படுத்தி, முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும்படி ஏற்பாடு செய்தது.

ஞாயிற்றுக்கிழமை பகலில், வனக்காவலர் துணையோடு, பத்துப் பேர் ஒற்றையடிப் பாதையில் போய் வருவதற்கு இடம் கொடுக்கலாம். தினசரிப் பழக்கத்துக்குக் காடு ஏற்ற இடம் அல்ல.

கண்மாய்க் கரை

பின் எங்கே ஓடுவது? இடம் கண் எதிரேயே இருக்கிறது. கண்மாய்க் கரை!

கரையில் லாரி வராது. மண் தரை. ஊரை ஒட்டி இருப்பதால் பெண்களும் விடிந்த பிறகு கூட்டமாக வந்து ஓடலாம். பெரியவர்கள் நடக்கலாம். கருவேல முள்ளை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, பத்து விளக்குப் போட்டால் போதும். பெரிய செலவு இல்லை. கரை யார் பொறுப்பு என்று அலுவலகத்துக்கு அலுவலகம் காகிதம் அனுப்பிக் கொண்டிருந்தால்தான் வருஷம் போய்விடும்.

காலுக்கு வழி விடுவது நத்தத்துக்குப் புதிது அல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் நகரத்தார் காவடிக் கூட்டம் ஆண்டுதோறும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. மாசித் திருவிழாவில் மாரியம்மன் கோவிலில் வழுக்கும் கழுமரத்தில் வாலிபர்கள் ஏறுவதைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் பாதி மண்வெட்டியோடு வந்தால், ஒரு கரையைச் சீர்ப்படுத்த எத்தனை நாள் ஆகும்?

நீளமான கரையும் தேவை இல்லை. 750 மீட்டர் போதும். போய்த் திரும்பினால் 1,500 மீட்டர் ஆகிவிடும். பெண்களுக்காக 400-வது மீட்டரில் ஒரு கல் நட வேண்டும்.