தடைக்காலத்தில் கெடும் பேட்டரி



நெய்வேலி மின்சாரம் பிறக்கும் ஊர். 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இங்கே தோற்றுவிக்கப்பட்டது. 1962-ஆம் ஆண்டில் மின் உற்பத்தி தொடங்கிற்று. ஆயினும், அனல்மின் நிலையங்களில் பேட்டரிகளுக்கென்றே தனி அறை ஒன்று உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எல்லா மின்சாரமும் ஒரு நொடியில் நின்றுபோனாலும், சுழன்றுகொண்டிருக்கும் பெரும் இயந்திரத்திற்கு எண்ணெய் செல்லவும், பாதுகாப்புக் கருவிகள் இயங்கவும் அவையே துணை நிற்கின்றன. மின்சாரத்தை உண்டாக்கும் இடத்திற்கே சேமிப்பு வேண்டியிருக்கிறது என்றால், கரை கண்ணுக்கு மறையும் தொலைவுக்குச் செல்லும் படகைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

நம் மாவட்டத்தின் கடலூர்த் துறைமுகத்தையும், ஒருகாலத்தில் மஹ்மூது பந்தர் என வழங்கப்பட்ட பரங்கிப்பேட்டையையும் எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து புறப்படும் விசைப்படகின் இயந்திரத்தை உயிர்ப்பிப்பது பேட்டரி. இரவில் பிற கலங்கள் மோதிவிடாமல் காக்கும் விளக்கும், வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவியும், ஆபத்தில் குரல் கொடுக்கும் வயர்லெஸ்ஸும் அதை நம்பியே இருக்கின்றன. நடுக்கடலில் அது கைவிட்டால் இயந்திரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை, குரலும் இல்லை. கரையில் காத்திருக்கும் குடும்பத்தின் நிலையை நான் சொல்லத் தேவையில்லை.

இத்தகைய பேட்டரி பெரும்பாலும் கடலில் கெடுவதில்லை, கரையில்தான் கெடுகிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலையைப் பழுதுபார்க்கிறோம், படகுக்கு வண்ணம் பூசுகிறோம், பேட்டரியை மட்டும் மறந்துவிடுகிறோம். பயன்படுத்தாத பேட்டரியும் தானாகவே சிறிது சிறிதாக மின்னேற்றத்தை இழக்கிறது. கோடை வெப்பத்தில் இந்த இழப்பு இன்னும் விரைவாக நிகழும். மின்னேற்றம் குறைந்த நிலையில் கிடக்கும்போது, உள்ளிருக்கும் ஈயத் தகடுகளின்மீது ஈய சல்பேட் என்னும் வெண்ணிறப் படிவு கெட்டிப்பட்டுவிடுகிறது. அவ்வாறு இறுகிய படிவு பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுவதும் கரையாது. புதிதாக வாங்கிய பேட்டரி ஒரே ஆண்டில் பயனற்றுப் போவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

பரிகாரம் எளிது. படகைக் கட்டியவுடன் பேட்டரியை முழுமையாக மின்னேற்றுங்கள்; இணைப்புக் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள்; வெயில் படாத இடத்தில் வையுங்கள்; மாதம் ஒருமுறை மீண்டும் மின்னேற்றுங்கள். எதையும் இணைக்காமல் சில மணி நேரம் ஓய்வாக இருந்த பேட்டரியை மீட்டரில் அளந்தால், ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டுவது முழு நிறைவு, 12.2 வோல்ட் பாதி. 12-க்கும் கீழே இறங்கினால் அது உடனே கவனிக்க வேண்டிய அபாய நிலை.

இனி, வாங்கும் முறையைப் பார்ப்போம். இயந்திரத்தைக் கிளப்பும் பேட்டரியும் இரவெல்லாம் விளக்கெரிக்கும் பேட்டரியும் ஒன்றல்ல. முன்னதில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்து ஓய்ந்துவிடுவதே அதன் பணி. பின்னதில் தடித்த தகடுகளோ குழாய் வடிவத் தகடுகளோ இருக்கும். டியூபுலர் என்று கடைக்காரர் சொல்வது இந்தக் குழாய் வடிவ வகையையே. நீண்ட நேரம் நிதானமாக மின்சாரம் தருவது அதன் இயல்பு. எனவே இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வதே அறிவுடைமை. இரவில் விளக்கு எரிந்து ஒரு பேட்டரி தீர்ந்தாலும், காலையில் இயந்திரத்தைக் கிளப்ப மற்றொன்று தீண்டப்படாமல் இருக்கும்.

அளவு எவ்வளவு வேண்டும்? இயந்திரத்தை நிறுத்திவிட்டு நங்கூரமிட்டிருக்கும் பத்து மணி நேர இரவு ஒன்றைக் கணக்கிடுவோம். விளக்குகளுக்கு 2 ஆம்பியர் என்றால் 20 ஆம்பியர்-மணி, ஜி.பி.எஸ். கருவிக்கு 1 ஆம்பியர் என்றால் 10. வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர் என்றால் 5. அதில் பேசுவதற்கும் பிறவற்றுக்கும் இன்னுமொரு 5. ஆக மொத்தம் 40. இந்த வகைப் பேட்டரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவில் குறையும். ஆகவே 80 வேண்டும். நாள்பட வலு குறைவதையும் கருதி 100 ஆம்பியர்-மணி கொண்டதை வாங்குவது நலம். இது மாதிரிக் கணக்குத்தான். உங்கள் கருவிகளில் அச்சிட்டிருக்கும் அளவுகளைப் பார்த்து நீங்களே கூட்டிப் பாருங்கள்.

மின்னேற்றத்திலும் கவனம் வேண்டும். இயந்திரம் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் சுமார் 14 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். அதற்கு மிகக் குறைந்தால் பேட்டரி ஒருபோதும் நிரம்பாது. மிக உயர்ந்தால் உள்ளிருக்கும் நீர் வற்றிவிடும். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும். அமிலத்தைத் தாமாகவே சேர்ப்பதும் தவறு.

மின்னேறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பற்றும். ஆகவே அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. கடல்நீர் உள்ளே புகுந்தாலோ குளோரின் என்னும் நச்சுவாயு தோன்றும். எனவே பேட்டரியைக் காற்றோட்டமுள்ள, மூடியிட்ட பெட்டியில் அசையாமல் கட்டி வைக்க வேண்டும்.

இப்போது லித்தியம் பேட்டரிகளும் கடைக்கு வந்துவிட்டன. எடை குறைவு, கொள்ளளவில் பெரும்பகுதியைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் பழைய மின்னேற்றும் அமைப்பில் அதை அப்படியே பொருத்திவிட முடியாது. படகின் ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுப்போகக்கூடும். தகுந்த மின்னேற்றியோடு, விவரம் அறிந்தவரைக் கொண்டு பொருத்துவதே முறை.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு இன்வெர்ட்டருக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் பயன்படும் ஈய பேட்டரிக்கும் பெரும்பாலும் இதே விதிகள்தாம். அமிலம் கண்ணிலோ தோலிலோ தெறித்தால் உடனே குறைந்தது 15 நிமிடங்கள் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் பிறகு மருத்துவரிடம் செல்லத் தாமதிக்காதீர்கள். பழைய பேட்டரியை வீட்டில் உடைக்கவோ பழைய இரும்புக்காரரிடம் போடவோ வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் அதற்குரிய விலையும் கழித்துத் தருவார்கள்.

அடுத்த தடைக்காலம் தொடங்கும் அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியையும் வோல்ட்டையும் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். கரையில் செலவிடும் அந்தச் சில நிமிடங்கள்தாம், நள்ளிரவில் நடுக்கடலில் விளக்காகவும் குரலாகவும் திரும்பி வருகின்றன.