வண்டி தாழ்ந்தால் மதிப்பு உயருமோ?

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பூண்டுலோயாவில் வழக்கம்போல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்த வேளையில் வாசலில் ஒரு மோட்டார்க் கார் வந்து நின்றது. இறங்கியவர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் விஞ்ஞானம் பயின்ற இளைஞர். கொழும்பிலே தொழில் செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். மேலே தோட்டத்து லயத்தில் பெற்றோரும் அண்ணன் குடும்பமும் வாழ்கின்றனர்.

காரின் பின்புறத்திலிருந்து கனத்த பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து திண்ணையில் வைத்தார். திறந்து பார்த்தேன். சிவப்பு வர்ணம் பூசிய நான்கு சுருள்விற்கள்.

“சேர், இந்த ஸ்பிரிங்குகளைப் பூட்டினால் கார் நாற்பது மில்லிமீற்றர் தாழும். வளைவுகளில் சாயாது, பாதையைக் கவ்விக்கொண்டு ஓடும் என்கிறார்கள். நாளைக்கே பூட்டித் தருவதாகக் கராஜில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தேன்.”

பழைய மாணவன் கேள்வியோடு வருவதைவிட ஆசிரியனுக்கு இன்பம் வேறேது? அவருக்குச் சொன்னவை வாசகர்களுக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணியே இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அவர் கேள்விப்பட்டதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வளைவில் திரும்பும் வண்டியின் பாரம் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்குப் பெயர்கிறது. புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பெயர்ச்சியும் மிகும். கணக்கிட்டே பார்ப்போம். 1000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார். அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்றிமீற்றர் உயரத்தில். இருபக்கச் சக்கரங்களுக்கும் இடைத்தூரம் 140 சென்றிமீற்றர். நிறையின் பாதியளவு விசை பக்கவாட்டில் தாக்கும்படி வளைவில் விரைந்தால், ஏறத்தாழ 196 கிலோகிராம் பாரம் ஒருபுறம் பெயரும். மையத்தை 4 சென்றிமீற்றர் தாழ்த்தினால் அது 182 கிலோகிராம் ஆகும். ஆதாயம் 14 கிலோகிராம்!

நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி போன்றவற்றில் இந்த 14 கிலோகிராமுக்கு விலையுண்டு. அங்கே ஒரு வினாடியின் சிறு கூறும் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். ஆனால் ஒருவர் பின்சீற்றில் ஏறி அமர்ந்தாலே அதைப்போல் நான்கு மடங்கு பாரம் கூடிவிடுகிறது. வீட்டுக் காருக்கு இந்த ஆதாயம் எம்மாத்திரம்?

“மினி கார் தாழ்வானதுதானே சேர்? பந்தயங்களில் அது வெல்லவில்லையா?” என்று கேட்டார் தம்பி.

நல்ல கேள்வி. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த மினி கார், 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டி கார்லோ ஓட்டத்தில் முதலிடம் பெற்றது உண்மையே. அது முதலில் வெளிவந்தபோது அதற்குச் சுருள்விற்களுக்குப் பதிலாக ரப்பர்க் கூம்புகளே பொருத்தப்பட்டிருந்தன. ஆயினும் அது வரைபலகையிலேயே தாழ்வாகப் பிறந்த வண்டி. சக்கரம், அச்சு, கைகள், ரப்பர் அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்த அமைக்கப்பட்டவை. உயரமாகப் பிறந்த காரைப் பின்னர் அழுத்தி வைப்பது வேறு சங்கதி.

அது எப்படி என்பதற்கு வில்லின் இலக்கணத்தைச் சற்றே நோக்குவோம். வில்லின் நீட்சி அதை இழுக்கும் விசைக்கு நேர்விகிதமானது என்று றொபேட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1678இல் வெளியிட்டார். வில்லில் அடங்கும் சக்தியோ அழுங்கிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சக்கரம் மேலெழுந்து தடுப்பு ரப்பரில் முட்டுவதற்கு முன் 8 சென்றிமீற்றர் இடம் இருந்ததாகக் கொள்வோம். காரை 4 சென்றிமீற்றர் தாழ்த்தினால் எஞ்சுவது பாதி. அதே பள்ளத்தின் அடியை அந்தப் பாதித் தூரத்திற்குள் தாங்க வேண்டுமாயின், வில் நான்கு மடங்கு விறைப்பாக இருத்தல் வேண்டும். அவ்வளவு விறைப்பான காரில் யார் பயணம் செய்வார்? ஆகையால் விற்பனைக்கு வரும் விற்கள் ஓரளவே விறைப்பாக்கப்படுகின்றன. மீதி அடியைத் தடுப்பு ரப்பரும், அதன்பின் வண்டியின் உடலும், அதன்பின் நமது முதுகெலும்பும் ஏற்றுக்கொள்கின்றன.

இன்னும் ஒன்று. பல கார்களின் முன்பக்கத்தில், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை தரைக்கு ஏறத்தாழச் சமாந்தரமாகவோ சக்கரத்தை நோக்கிச் சற்றே சரிந்தோ அமைந்திருக்கும். காரைத் தாழ்த்தும்போது அக்கை மேல்நோக்கிச் சாய்கிறது. அப்போது வண்டி எந்தப் புள்ளியைப் பற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, புவியீர்ப்பு மையத்தைக் காட்டிலும் வேகமாகக் கீழிறங்கிவிடுகிறது. விளைவு என்ன? சாயாமல் இருப்பதற்காகத் தாழ்த்திய வண்டி, முன்னைவிட அதிகமாகச் சாய முனைகிறது! சக்கரங்களின் நேர்மையும் பிசகுவதால் டயர்கள் ஒருபுறமாகத் தேய்கின்றன.

பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணிப் பழைய வில்லில் ஒரு சுற்றை வெட்டிவிடுவோரும் உளர். ஆறு சுற்றில் ஒன்று குறைந்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பது மெய். ஆனால் வெட்டிய முனை தன் இருக்கையில் பொருந்தி அமராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும் கணத்தில் வில் இடம்விட்டு நகர்ந்துவிடவும் கூடும். அந்தச் சிக்கனம் உயிருக்கு உலை வைப்பது.

நிற்க. இவ்வளவையும் கேட்ட தம்பி தலையசைத்தார். ஆனால் முகம் தெளியவில்லை. பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“உண்மையைச் சொல்கிறேன் சேர். வேலைத்தலத்தில் மற்றவர்களின் கார்கள் எல்லாம் தாழ்ந்து அழகாக நிற்கின்றன. என்னுடையதைப் பார்த்து, ‘கொழுந்து ஏற்றுகிற வண்டியா?’ என்று கேட்டுச் சிரித்தார்கள்.”

நான் சற்று நேரம் பேசவில்லை. அந்தச் சிரிப்பு காரைப் பார்த்து எழுந்ததன்று என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். கொழுந்துக் கூடை சுமந்த தாயின் உழைப்பில் படித்து முன்னேறிய பிள்ளையை அது எங்கே குத்தியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பௌதிகம் அதற்கு மருந்தாகாது.

ஆகவே, “பூட்டாதே” என்று நான் கூறவில்லை. ஒரு பரிசோதனை மட்டும் சொன்னேன். காரின் அடியில் மிகத் தாழ்ந்த பாகம் எதுவோ, அதற்கும் கீழே நாற்பது மில்லிமீற்றர் தொங்குமாறு ஒரு தடித்த அட்டையைக் கட்டவேண்டும். வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, கடைவீதியிலிருந்து லயம் வரை மெல்ல ஓட்டவேண்டும். அட்டை உரசும் இடங்களை எண்ணவேண்டும். அவ்வளவே.

அடுத்த சனிக்கிழமை பரிசோதனை நடந்தது. முன்சீற்றில் நான். பின்னால் அவருடைய தாயார், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த அண்ணி, அண்ணனின் மூத்த பிள்ளை. வெறும் வண்டிக்குத் தரையிலிருந்து 15 சென்றிமீற்றர் இடைவெளி. தாழ்த்தினால் 11. ஆட்களும் அரிசி மூட்டையும் ஏறிப் பின்புறம் மேலும் நான்கு அழுங்கினால் 7. மூன்று அங்குலமும் இல்லை!

தார்ப்பாதை முடியும் வரை அட்டை வாய் திறக்கவில்லை. தோட்டப் பாதையில் ஏறியதும் குறுக்குக் கானில் ஒருமுறை உரசியது. மதகின் விளிம்பில் மறுமுறை. கொண்டையூசி வளைவின் உட்புறத்தில், மழை அரித்துக் கல் துருத்திய இடத்தில் மூன்றாம் முறை. லயத்து வாசலை அடைவதற்குள் பதினோரு முறை. அட்டை கிழிந்து தொங்கியது. ஒவ்வோர் உரசலும் எண்ணெய்த் தொட்டிக்கோ புகைக்குழாய்க்கோ விழுந்திருக்கக்கூடிய அடி என்று தம்பிக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இறங்கும்போது அவருடைய தாயார் சொன்னார்: “நம்ம லயத்துல ராத்திரியில யாருக்காவது முடியாமப் போனா, இந்தக் காரத்தானே தம்பி கூப்பிடுவாங்க.”

தோட்டத்து லொறியிலும் டிராக்டரிலும் நோயாளரை ஏற்றிச்சென்ற காட்சியை மலையகத்தில் வாழ்ந்தோர் எவரும் மறந்திருக்கமாட்டார். நம் அயலிலேயே, 2025 மே 11ஆம் நாள், றம்பொடை கரண்டியெல்லைப் பகுதியில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் பாதைகள் எத்தகையவை என்பதை நினைவூட்ட வேறு சான்று வேண்டா. இங்கே காரின் கடமை பந்தயத்தை வெல்வதன்று. ஏறியவரை இறக்குமிடத்தில் முழுதாக இறக்குவதே.

தம்பி காரைப் பரிசோதிக்கக் கொடுத்தார். வளைவுகளில் அது அலைந்ததற்கு உயரம் காரணமன்று. பழைய விற்கள் தளர்ந்திருந்தன. சொக் அப்சோபர்களில் எண்ணெய் கசிந்திருந்தது. அதே உயரமுள்ள புதிய விற்களும் புதிய சொக் அப்சோபர்களும் பூட்டப்பட்டன. வில்லை மாற்றுவோர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில உண்டு. சமதளத்தில் வண்டியை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தல் வேண்டும்; ஜெக்கை மட்டும் நம்பலாகாது. அழுத்துகருவியால் வில்லை ஒடுக்காமல் மேல் மரையைத் தளர்த்தினால், பாய்ந்தெழும் வில் ஆளைக் கொல்லும். கைகளின் ரப்பர்ப் புதைகள் உள்ள ஆணிகளை, சக்கரங்கள் வண்டியின் பாரத்தைத் தாங்கி நிற்கும் நிலையிலேயே இறுதியாக முறுக்குதல் வேண்டும். அன்றேல் ரப்பர் முறுகி விரைவில் கிழியும். முடிவில் சக்கர நேர்மையும் முகப்பு விளக்கின் திசையும் சரிபார்க்கப்படல் வேண்டும். சமவெளியில் வாழ்ந்து, அப்படியும் காரைத் தாழ்த்தவே விரும்புவோர், அதற்கேற்ற சொக் அப்சோபர்களையும் சேர்த்தே வாங்குக. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளையும் காப்புறுதி நிபந்தனைகளையும் முன்னரே கேட்டறிக.

சென்ற வாரம் நள்ளிரவில் அண்ணிக்கு வலி கண்டது. பெருமழை. தம்பி விடுமுறையில் வந்திருந்தது நல்லூழ். தோட்டப் பாதையில் இறங்கி, தலவாக்கலை வழியாக நுவரெலியா ஆஸ்பத்திரியை அடைந்தார்கள். விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

காலையில் தம்பி தொலைபேசியில் அழைத்தார். செய்தியைச் சொல்லிவிட்டு, “சேர், பதினோரு இடத்திலும் எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஒன்றிலும் தட்டவில்லை” என்றார்.

சிவப்பு விற்கள் நான்கும் இன்னும் என் திண்ணையிலேயே இருக்கின்றன. அவற்றை விற்றுவிடுவதா, வைத்திருப்பதா என்று அவர் முடிவு செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. சிரித்தவர்களுக்கு இனி என்ன மறுமொழி சொல்வார் என்பதையும் கேட்கவில்லை. “ஆம், கொழுந்து ஏற்றும் ஊரின் வண்டிதான்” என்று அவர் தலைநிமிர்ந்து சொல்லும் நாள் தொலைவில் இல்லை என்றே தோன்றுகிறது.