மேட்டிலிருந்து பார்க்கும் கண்கள்

“யாழ்ப்பாணத்தில் இன்று சாதி எங்கே இருக்கிறது? பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?” என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே பலர். அவர்களிற் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாதிருக்க முடிவதே அவர்கள் பெற்ற பெருஞ் சலுகை.

அன்றைய தேநீர்க் கடையை எண்ணிப் பாருங்கள். மேற்சாதியானுக்குக் குவளை, தாழ்த்தப்பட்டவனுக்குச் சிரட்டை அல்லது போத்தல். குவளையிற் குடித்தவன் தேநீரின் சுவையை மட்டும் அறிந்தான். சிரட்டையிற் குடித்தவனோ எங்கே நிற்பது, எவர் முன் சால்வையை இறக்குவது, எதைப் பேசாதிருப்பது என ஊரின் எழுதாச் சட்டம் முழுவதையும் அறிந்திருந்தான். துலாக்கொடியைத் தொடும் உரிமையுள்ளவன் கிணற்றில் தண்ணீரை மட்டுமே கண்டான். எவரேனும் அள்ளி ஊற்றுவாரோ என்று குடத்தோடு காத்துநின்றவளுக்கு ஒவ்வொரு வீட்டாரின் மனமும் அத்துபடி. அடிமை ஆண்டானை அறியாவிடில் வாழ முடியாது. ஆண்டானுக்கு அத்தேவை என்றுமே இருந்ததில்லை.

மனம் மாறும்வரை பொறுத்திருங்கள் என்று உபதேசிப்போருக்கு வரலாறே விடை கூறும். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் சமஆசனம் வழங்கவேண்டுமென 1929 அளவில் பணிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து மனுக் கொடுத்தோர் எழுத்தறியாதவரா? தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்த பின்னரும் கடைகளும் கோயில்களும் மூடியே கிடந்தன. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் அமர்ந்தனர். அதன் பிறகே சட்டம் ஏட்டைவிட்டு இறங்கத் தொடங்கிற்று.

இலக்கியத்திலும் இதே கதைதான். சிகை திருத்தும் தொழிலாளியான டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அக்காலப் பண்டிதர் சிலரோ இத்தகைய எழுத்தை ‘இழிசனர் இலக்கியம்’ என்று இகழ்ந்தனர். தம் வளவுக்குள் வேலை வாங்கும்போது அன்றாடம் கேட்ட பேச்சு, அச்சேறியதும் அவர்களுக்கு அந்நியமாயிற்று!

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! கடைசி வாங்கில் வாய் திறவாதிருக்கும் பிள்ளையை ‘அடக்கமானவன்’ என்று குறிப்பெழுதுமுன், அவ்வடக்கத்தை அவனுக்குக் கற்பித்தவர் யாரெனக் கேளுங்கள். காணி விலை பேசும்போதும் கலியாணம் பேசும்போதும் சாதியை மறவாத நாக்கு, மேடையில் மட்டும் அதை மறப்பதேன்? அனுதாபம் மேட்டிலிருந்து வீசப்படும் பிச்சை. கீழிருந்து எழும் குரலைத் திருத்தாமற் கேட்பதும், அக்குரல் கோரும் காணியையும் கிணற்றையும் கதவையும் பங்கிடுவதுமே புரிந்துகொள்ளல். மேட்டைவிட்டு இறங்க மனமில்லாதோர், புரிந்துகொண்டதாகச் சொல்லாமலேனும் இருக்கட்டும்.