புதுப் போனுக்குப் புது சிம் எதற்கு?

டில்லியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, சென்ற மாதம் 5ஜி போன் வாங்கினார். கையோடு சிம்மையும் மாற்றிவிடுவது நல்லது என்றான் கடைச் சிப்பந்தி. மாற்றினார். அன்று மாலைக்குள் ஆன்லைனில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டியாக வேண்டும். வங்கியிலிருந்து ஓ.டி.பி. வரவேயில்லை.

வராது. மாற்றிய சிம் உயிர்பெற்ற பிறகு 24 மணி நேரத்துக்கு அதில் எஸ்.எம்.எஸ். வரவும் கூடாது, போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022ல் உத்தரவு போட்டிருக்கிறது. அடுத்தவர் எண்ணுக்கு நகல் சிம் வாங்கி, வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் ஆசாமிகளுக்காகப் போட்ட பூட்டு அது. அன்று பெரியவரையும் வாசலில் நிறுத்திவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அவர் சிம்மை மாற்றியிருக்கவே வேண்டாம். இருக்கும் 4ஜி சிம்மிலேயே 5ஜி கிடைக்கும் என்று ஜியோவும் ஏர்டெல்லும் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. வேகம் போனிலும் டவரிலும் இருக்கிறது. சிம் என்பது அடையாளச் சீட்டு மாதிரி: முக்கியமாக ஒரு சந்தாதாரர் எண், ஒரு ரகசியச் சாவி. சாவியின் ஜோடி கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். உங்கள் பத்து இலக்க எண்ணை எந்த சிம்மோடு சேர்ப்பது என்பது கம்பெனியின் பதிவேட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் புது சிம்முக்கும் அதே எண் கிடைக்கிறது.

மாற்றியே தீர வேண்டியவர்களும் உண்டு. பி.எஸ்.என்.எல்.லின் பழைய 2ஜி, 3ஜி சிம் வைத்திருப்பவர்களுக்கு 4ஜி வேண்டுமென்றால் வேறு வழியில்லை. சிறிய துளையில் நுழைக்கக் கத்தரியால் வெட்டிய சிம்முக்கும் ஓய்வு கொடுக்கலாம். 2025ல் வந்த ஐபோன் ஏரில் சிம் செருக இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். மாற்றுவதற்கு முன், சிம்மில் சேமித்த பெயர்களைப் போனுக்கு நகலெடுத்துவிடுங்கள். அவை புது சிம்முக்குத் தானாக வராது.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதை. காலமான தந்தையின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் எண்கள் எத்தனை வீடுகளில்! சிம் பழுதாகும்வரை தெரியாது. பழுதான அன்று கம்பெனி கவுன்டரில் உரிமையாளரின் அடையாள அட்டை கேட்பார்கள். வங்கி, காஸ், ஆதார் எல்லாம் அந்த எண்ணில் கட்டுண்டு கிடக்கும். இறப்புச் சான்றிதழைக் காட்டிப் பெயர் மாற்றுவதை, சிம் நன்றாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் ஒருவருக்கு 9 வரை அனுமதி.

சிம்மை 5ஜிக்கு மாற்றித் தருகிறோம், வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள் என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். நீங்கள் எதுவும் கேட்காமலே சிக்னல் செத்துப்போய், நெடுநேரம் திரும்பவில்லையா? வேறு போனிலிருந்து உடனே கம்பெனியையும் வங்கியையும் அழையுங்கள். பணம் போயிருந்தால் 1930.

பெரியவர் மறுநாள் பிரீமியம் கட்டிவிட்டார். பழைய சிம்மை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறார்.