முதல் சேதி ஊருக்கு வரட்டும்!

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகிற ரோட்டில் இருக்கிறது பிரம்மதேசம். வயலும் உப்பளமும் மீன்வலையும்தான் இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுகின்றன. கெமிக்கல் கம்பெனிகளோடு இந்த ஜனங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை. ஆனாலும் 2023 மே மாதம் ஒரு கெமிக்கல் இந்தக் கரை தேடி வந்தது. வீட்டுக்கு வீடு ஒப்பாரி வைக்க வைத்தது.

மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தில் விற்ற பாக்கெட்டை வாங்கிக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதே நேரத்தில் அதே கதை. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயம் அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று போலீஸ் தலைமையே அறிவித்தது. சென்னைப் பக்கத்து கெமிக்கல் கம்பெனி ஒன்றில் இருந்து அந்தச் சரக்கு போனதாகவும் போலீஸ் சொன்னது.

விற்றவன் பிடிபட்டான். வாங்கிக் கொடுத்தவன் பிடிபட்டான். சரி. நாம் கேட்பது வேறு கேள்வி.

மெத்தனால் நடந்து வந்ததா?

மெத்தனால் பனை மரத்தில் இறக்குவது இல்லை. பெயின்ட், பிளைவுட் பசை, மருந்து என்று பல தொழிலுக்கு வேண்டிய சரக்கு அது. அதற்கு லைசென்சு உண்டு. வரவு செலவு எழுத புத்தகம் உண்டு. ஒரு பேரல் கள்ளத்தனமாக வெளியே போனால் கணக்கு இடிக்கும். கணக்கு எழுதுகிறவருக்குத் தெரியும், கேட்டில் நிற்கிறவருக்கும் தெரியும்.

தெரிந்த அந்த நிமிஷம் போலீசுக்குப் போன் போடுவதா? இல்லை, "கம்பெனி பேரு கெட்டுப் போயிடும், புத்தகத்தைச் சரிக்கட்டு" என்பதா? ஒரு கம்பெனியின் நாணயம் இந்த இடத்தில்தான் தெரியும். ஆண்டு விழாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பதில் தெரியாது.

மெத்தனால் குடித்தவர் எல்லோரும் சாக வேண்டும் என்று விதி இல்லை. மாற்று மருந்து இருக்கிறது. எந்த விஷம் என்று டாக்டருக்கு நேரத்தோடு தெரிந்தால் பிழைப்பவர் உண்டு, பார்வை தப்புபவரும் உண்டு. தெரிந்தவன் வாய் மூடி இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஓர் உயிரின் விலை. எக்கியார்குப்பத்தில் கற்ற பாடத்தை யாரும் மனதில் வைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால் 60 பேருக்கு மேல் கொண்டு போயிற்று.

கடைசியில்தான் ஊரா?

சரக்கைத் திருட்டுத்தனமாக விற்பது சின்ன கம்பெனி வேலை, பெரிய கம்பெனிகள் அப்படி இல்லை என்பார்கள். இருக்கட்டும். விபத்து என்று வந்தால் பெரிய கம்பெனி யாரை முதலில் கூப்பிடுகிறது? வக்கீலை. அடுத்து பங்குச் சந்தை. பெரிய விபத்து நடந்தால் சந்தைக்கு இத்தனை மணி நேரத்தில் தகவல் தர வேண்டும் என்று செபி கெடு வைத்திருக்கிறது. பிறகு பத்திரிகைக்கு அறிக்கை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஜனத்துக்கு? அவர்களுக்கு மூக்கு இருக்கிறதே!

எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் நடந்தது அதுதான். கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலில் இருந்து அமோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு. தூக்கத்தில் மூக்கில் ஏறிய நெடிதான் மக்களுக்குக் கிடைத்த முதல் தகவல். கைக்குழந்தையைத் தூக்கிக் கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். கம்பெனி தந்த விளக்கமோ, சிலருக்கு அசௌகரியம், நிலைமை சீக்கிரமே சரியாகிவிட்டது என்ற மாதிரி இருந்தது. மூச்சு முட்டித் தெருவில் விழுந்தவனுக்கு அதன் பெயர் அசௌகரியமா?

அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, எங்கள் குழாயில் கசிவே இல்லை என்று முதலில் சொன்னது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ, ஆலைக்குள் மழைநீரைக் கையாண்ட விதத்தில் குறை இருக்கிறது என்று சொன்னது. இதற்கு இடையில் மீனவர்கள் படகில் போய், பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை வாரினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். இருபது சதுர கிலோமீட்டர் எண்ணெயை மறைக்க முடியுமா?

அந்தப் பக்கிங்காம் கால்வாயின் தென் கோடி எது தெரியுமா? நம் மரக்காணம்தான். எண்ணூரில் நடப்பது எண்ணூர் சங்கதி மட்டும் அல்ல.

ஓய்ந்து போன சங்கு

இதற்கெல்லாம் முன்னோடி போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்தது. ஊருக்கான அபாயச் சங்கு கொஞ்ச நேரம் ஊதி ஓய்ந்தது. ஊர் பயந்து விடக் கூடாதாம்! ஆஸ்பத்திரிக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் வந்து விழுந்தது. என்ன வாயு, என்ன மருந்து என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. கேட்டபோது, கண்ணீர்ப் புகை மாதிரிதான் என்று கம்பெனித் தரப்பு சொன்னது.

ஆபத்து முன்கூட்டித் தெரியாதா? தெரியும். ஆலையில் 1981-ல் ஒரு தொழிலாளி விஷவாயுவுக்குப் பலியானதும், ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் துருவித் துருவி விசாரித்தார். இந்த ஊரைக் காப்பாற்றுங்கள் என்று 1982-லேயே தன் சின்னஞ்சிறு வாரப் பத்திரிகையில் எழுதினார். கம்பெனியும் கேட்கவில்லை, சர்க்காரும் கேட்கவில்லை. 1989-ல் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசம் ஆனது. கூடுதல் நஷ்டஈடு கேட்ட மனுவை 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்தால் இதுதான் கதி.

இப்படியும் நடக்கலாம்

கம்பெனி என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. 1982-ல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் டைலினால் தலைவலி மாத்திரை சாப்பிட்ட 7 பேர் செத்தார்கள். யாரோ பாவி கடையில் இருந்த மாத்திரைக்குள் சயனைடு வைத்திருந்தான். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் மேல் தவறு இல்லை. ஆனாலும் "எங்களுக்கு என்ன?" என்று அது இருக்கவில்லை. சாப்பிடாதீர்கள் என்று ஊர் ஊராக அறிவித்தது. நாடு முழுவதும் சுமார் 3 கோடி பாட்டிலைத் திரும்ப வாங்கியது. கோடிக்கணக்கில் நஷ்டம். ஆனால் நம்பிக்கை திரும்பியது, வியாபாரமும் திரும்பியது.

அதே கம்பெனி பிறகு குழந்தைப் பவுடரால் புற்றுநோய் என்ற புகாரில் ஆயிரக்கணக்கான வழக்கைச் சந்தித்தது. புகாரை மறுத்துக் கொண்டே, 2023-ல் அந்த டால்க் பவுடர் விற்பனையை உலகம் முழுக்க நிறுத்தியது. ஒரு தடவை வாங்கிய நல்ல பெயர் ஆயுசுக்கும் செல்லாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

பீதி கிளம்புமாம்!

முழு விவரம் தெரியும் முன்னே சொன்னால் பீதி கிளம்பும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது உண்டு. சொன்னதால் கிளம்பிய பீதியை விட, சொல்லாததால் கிளம்பிய பீதிதான் அதிகம். பெரியகுப்பத்தில் ஜனம் திக்குத் தெரியாமல் ஓடியது சேதி வந்ததாலா, வராததாலா? "அமோனியா கசிகிறது. ஈரத் துணியால் மூக்கை மூடுங்கள். காற்றடிக்கும் திசையில் ஓடாதீர்கள்." இதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஜனங்கள் ஒன்றும் சின்னப் பிள்ளைகள் அல்ல.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான தொழில் நடத்துகிறவர், என்ன ஆபத்து, என்ன பாதுகாப்பு என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற ஜனத்துக்கும் சொல்லியாக வேண்டும். 2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பும் இந்தக் கடமையை விட்டுவிடவில்லை. ஏட்டில் இருப்பது குப்பத்துக்கு வர வேண்டும்.

செய்ய வேண்டியது

ஆபத்தான சரக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும், என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்வது என்று தமிழில் எழுதி ஊர்ச்சாவடியில் ஒட்ட வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் ஒரு நகல் போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது சங்கு ஊதி, ஜனத்தை வைத்தே ஒத்திகை பார்க்க வேண்டும். பேரல் குறைகிறது, வால்வு ஒழுகுகிறது என்று வாய் திறக்கும் தொழிலாளிக்கு வேலை போகாது என்ற உறுதி வேண்டும். மெத்தனால் மாதிரி சரக்கில் கணக்கு உதைத்தால் அன்றைக்கே போலீசுக்கும் கலெக்டருக்கும் தகவல் போக வேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. உப்பு விளையும் இந்தக் கரைக்கு அதன் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. ஊர்தான் கம்பெனிக்கு நிலம் கொடுக்கிறது, தண்ணீர் கொடுக்கிறது, வேலைக்கு ஆள் கொடுக்கிறது. பதிலுக்கு ஊர் கேட்பது ஒரே ஒரு சேதி. அதுவும் பிணம் விழுவதற்கு முன்னால்!